இரண்டு பெட்டி கூட்டினால் தீருமா? வன்னியில் ஒரு பயிற்சி நிலையத்தின் வைஃபையும் சிமுலேஷனும்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து விலகி உள்ளே செல்லும் கிரவல் வீதி ஒன்றின் ஓரத்தில் அந்தத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. வன்னியில் இத்தகைய வளாகங்கள் பல உண்டு. அவற்றின் வலையமைப்புக் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். அலுவலகம், வகுப்பறைகள், கணினிக்கூடம் எல்லாம் அடங்கிய மாடிக் கட்டடம் ஒன்று. தகரக் கூரையும் அரைச்சுவரும் கொண்ட நீண்ட பட்டறை மண்டபங்கள் இரண்டு. நடுவில் ஒரு நடைபாதையும் இரு பக்கமும் அறைகளுமாக மாணவர் விடுதி. மைதானத்துக்கு அப்பால், மாமரங்களுக்குப் பின்னால் மாணவியர் விடுதி. இத்தனைக்கும் சேர்த்து ஒரேயொரு ஃபைபர் இணைப்பு.

மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் இப்படியான நிலையங்களுக்குப் பொருட்கள் திட்டம் திட்டமாகவே வந்தன. ஒன்று கணினி தந்தது, இன்னொன்று தையல் இயந்திரம் தந்தது, வேறொன்று வைஃபை தந்தது. அந்த வகையில் இங்கே சேர்ந்தவை ஆறு அக்சஸ் பொயின்ட்கள், அதாவது வைஃபையைக் காற்றில் பரப்பும் பெட்டிகள். ஒரே தயாரிப்பாளரின் பொருட்களும் அல்ல. ஒவ்வொரு திட்டமும் முடிந்து போகும்போது தன் நினைவாக ஒரு வலையமைப்புப் பெயரையும் விட்டுச் சென்றிருந்தது. கைத்தொலைபேசியில் தேடினால் அலுவலகம், விரிவுரையாளர், மாணவர், விருந்தினர், பிறகு எப்போதோ நிறைவுபெற்ற ஒரு திட்டத்தின் பெயர் என ஐந்து பெயர்கள் தோன்றும். கடைசிப் பெயரை நீக்க எவருக்கும் துணிவில்லை. கணக்காய்வுக்கு வருபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

முறைப்பாடுகள் இரண்டு. காலையில் கணினிக்கூடத்தில் இணையவழி விண்ணப்பங்களை நிரப்பும்போது பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அறைக்குத் திரும்பிய பின் விடுதியில் "முழுக் கோடும் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் வருகிறதில்லை." இந்த இரண்டாவது முறைப்பாட்டைச் சொல்லி வைத்ததுபோல் எல்லோரும் ஒரே சொற்களில் சொன்னார்கள். சமிக்ஞையின் வலுவில் குறையில்லை, குறை வேறெங்கோ இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

"தம்பி, இன்னும் இரண்டு பெட்டி வாங்கிப் பூட்டினால் தீராதா?" என்று பொறுப்பதிகாரி கேட்டார். விலைமனுவும் மேசையில் தயாராக இருந்தது. "வாங்குவதற்கு முன் கணினிக்குள் பூட்டிப் பார்ப்போம், சேர்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அனுமதித்தார்.

ஏன் கணினிக்குள்?

ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் நேரடியாக மாற்றிப் பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று வெளிப்படையானது: விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது கணினிக்கூடத்தின் வைஃபையில் கைவைத்தால் அடி விழும். மற்றது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. இரண்டு இரவுகள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நேற்று கிரிக்கெட் போட்டி, இன்று பரீட்சைக்கு முந்திய நாள், நாளை பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சனலை, அதாவது வைஃபை பேசும் அலைவரிசையை, மாற்றிய அன்று வேகம் கூடினால், கூட்டியது சனலா வெள்ளிக்கிழமையா என்று எப்படிச் சொல்வது? வலையமைப்பின் மாதிரியைக் கணினிக்குள் ஓட்டும் சிமுலேஷனில் அதே இரவை, அதே ஆட்களுடன், அதே பயன்பாட்டுடன் எத்தனை முறையும் திருப்பி ஓட்டலாம்; ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

அதற்காகச் சிமுலேஷனிடம் எதையும் கேட்கலாம் என்றில்லை. "விடுதியின் கடைசி அறைக்கு எத்தனை மெகாபிட் வரும்?" என்பது அதனிடம் கேட்கக் கூடாத கேள்வி. "இந்த ஏழெட்டு வழிகளில் எது முந்தும், எது பிந்தும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். சுவரின் இழப்பைச் சற்றுப் பிழையாக அளந்திருந்தால் எண்கள் எல்லாம் ஆடும். வரிசை அவ்வளவு சுலபமாக ஆடாது. ஆகவே நாங்கள் வகுத்த விதி இது: அளவீடுகளைச் சில டெசிபெல் (சமிக்ஞை வலுவை ஒப்பிடும் அலகு) மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது, அசைத்தும் இடம் மாறாத யோசனைகளுக்கு மட்டும் பணமும் உழைப்பும் செலவழிப்பது. இந்தக் கட்டுரையில் எங்கள் சிமுலேஷன் மாதிரி கக்கிய வேக எண்களை நான் தராததற்கும் காரணம் அதுதான். அவை அந்த வளாகத்துக்கு மட்டும் உரியவை. வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் தீங்குதான் விளையும். கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய எண்களை மட்டும் தருகிறேன்.

அளந்தது

நிலையத்தின் வரைபடம் என்று எதுவும் கிடைக்கவில்லை. நாடாவால் அளந்து, சதுரக் கோட்டுத் தாளில் கையால் வரைந்தோம். அதில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு அக்சஸ் பொயின்ட்டின் வலுவையும் ஒரு சாதாரண அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியால் பதிந்தோம். மடிக்கணினி கூடுதல் துல்லியம் தரும் என்றாலும், மாணவர் கையில் இருப்பது கைத்தொலைபேசிதான். இதைத் தவிர, லினக்ஸ் மடிக்கணினி ஒன்றைக் கண்காணிப்பு நிலையில் வைத்து, காற்றில் பறக்கும் தரவுப் பொதிகள் அனைத்தையும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடித்தோம். எதைத் திருத்த வேண்டும் என்று சொன்னது இந்த இரண்டாவது வேலைதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சமிக்ஞை 6 டெசிபெல் குறையும். தூரத்தின் அடுக்கு 2, அதாவது தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும், என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அடுக்கு 3 ஆனால் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 9 டெசிபெல். கட்டடங்களுக்குள் எந்த அடுக்கைப் போடுவது என்பதை அளந்துதான் அறிய வேண்டும். விடுதியின் நீண்ட நடைபாதையில் சமிக்ஞை வெட்டவெளியைப்போலவே தாராளமாக ஓடியது. பக்கத்து அறைக்குள் நுழைந்ததும் சீமெந்துக் கல் சுவர் அதைத் தின்றது. ஒரே கட்டடத்துக்கு ஒரே அடுக்கு என்று போட்டால் இந்த இரண்டில் ஒன்று பொய்யாகும்.

தகரக் கூரை மண்டபங்கள் வேறு ரகம். உலோகத் தகடு அலையை உள்ளே விடாது, திருப்பி அடிக்கும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் திரும்பி வரும் அலைகள் ஒன்றையொன்று சில இடங்களில் வலுப்படுத்தும், சில இடங்களில் அழிக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர். கைத்தொலைபேசியை ஐந்தாறு சென்ரிமீற்றர் நகர்த்தினாலே வாசிப்பு துள்ளியதன் காரணம் அதுதான். அங்கே ஒரு புள்ளிக்கு ஒரு வாசிப்பு போதாது; கையை அசைத்து அசைத்துப் பல வாசிப்புகள் எடுத்துச் சராசரி கண்டோம். சமையற்கூடத்தின் பழைய அஸ்பெஸ்டஸ் கூரையோ எதையும் தடுக்காமல் வழிவிட்டது. வகுப்பு நடக்கும்போது ஒரு முறையும் மண்டபம் வெறுமையாக இருக்கும்போது ஒரு முறையும் அளந்தோம், ஏனென்றால் மனித உடலும் தண்ணீர்ப் பானைதான். ஆட்கள் நிறைந்தால் சமிக்ஞை குறையும்.

சிமுலேட்டருக்குள் புகுத்தியது

கருவியைத் தெரிவு செய்வதில் அதிகம் மினக்கெடவில்லை. ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்களின் விருப்பத்துக்குரியதாக இருந்த ஒப்நெட்டை 2012இல் ரிவர்பெட் நிறுவனம் வாங்கிவிட்டது. பெங்களூரில் உருவாகும் நெட்சிம் கட்டணத்துக்குரியது. ஓம்நெட்++, அதன் ஐநெட் தொகுப்புடன் சேர்த்து, திரையில் பார்த்துக் கற்க விரும்புவோருக்கு அருமையானது. நாங்கள் எடுத்தது 2008இல் முதல் வெளியீடு கண்ட என்எஸ்-3. இலவசம், திறந்த மூலநிரல், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஓடும் வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்: நெரிசலான விடுதியின் சில நிமிடங்களை அது கணக்கிட்டு முடிப்பதற்குள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

என்எஸ்-3இல் வைஃபையைத் தொடங்குவோர் பெரும்பாலும் யான்ஸ் என்ற எளிய பௌதிகப் படலத்தைத்தான் (அலைகள் காற்றில் போய்ச் சேர்வதைக் கணக்கிடும் பகுதி) முதலில் எடுப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. வெவ்வேறு எண்ணுள்ள சனல்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்று அது கருதிக்கொள்ளும். உண்மையில் 2.4 கிகாஹேர்ட்ஸில் சனல்களுக்கிடையே உள்ள இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ். ஒரு சமிக்ஞையின் அகலமோ 20 மெகாஹேர்ட்ஸ். அதனால்தான் ஒன்றன்மீது ஒன்று ஏறாமல் 1, 6, 11 என மூன்றை மட்டும் வைக்கிறோம். எங்கள் ஆறு பெட்டிகளில் மூன்று சனல் 6இலும், இரண்டு சனல் 1இலும், ஒன்று சனல் 3இலும் இருந்தன. 11 வெறுமையாகக் கிடந்தது. சனல் 3இல் இருந்த பெட்டி இரு பக்கமும் மிதித்துக்கொண்டிருந்தது; யான்ஸிடம் கேட்டால் அது யாருக்கும் தொல்லை தராத நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுக்கும். இந்தக் காரணத்துக்காக, அலைக்கற்றையின் மேற்பொருந்தலையும் கணக்கில் எடுக்கும் ஸ்பெக்ட்ரம் படலத்துக்கு மாறினோம்.

அடுத்தது சுவர்கள். கட்டடங்களுக்கென்று என்எஸ்-3இல் ஒரு பகுதி உண்டு. வெளிச்சுவர் வகைகளாக அது அறிந்தவை நான்கு: மரம், ஜன்னலுள்ள கொங்கிறீற், ஜன்னலில்லாத கொங்கிறீற், கல். ஐரோப்பியக் கட்டடங்களை மனத்தில் வைத்துச் செய்த பட்டியல் என்று தோன்றுகிறது. தகரம் என்றொரு சொல்லே அதில் இல்லை. வன்னியில் தகரத்தை விட்டுவிட்டு எந்தக் கட்டடத்தை வரைவது? நல்லவேளையாக இன்னொரு வாசல் இருக்கிறது. எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் இடையே எத்தனை டெசிபெல் இழப்பு என்ற அட்டவணையை நாமே நேரடியாகக் கொடுத்துவிடலாம். அளந்த எண்களை அப்படியே அந்த அட்டவணையில் நிரப்பினோம். கட்டடத்தைப் பற்றிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. கட்டடமே பதில் சொல்லியிருந்தது.

இனி, கணினி சொல்வதைக் கையால் சரிபார்க்கும் வேலை. இதில் நான் பிடிவாதக்காரன். 802.11ஜி என்ற பழைய வகை வைஃபை வலையமைப்பில் ஒரேயொரு கருவி, 54 மெகாபிட் வேகத்தில், 1500 பைட் பொதிகளை விடாமல் அனுப்புகிறது என்று வையுங்கள். பேசுவதற்கு முன் 28 மைக்ரோசெக்கன் அமைதி காக்க வேண்டும். பிறகு 0 முதல் 15 வரை ஏதோவோர் எண்ணைக் குலுக்கி, ஒவ்வொன்றுக்கும் 9 மைக்ரோசெக்கன் காத்திருக்க வேண்டும், சராசரி 67.5. தலைப்புகளோடு சேர்த்துப் பொதி பறக்க ஏறத்தாழ 254. பின் 10 இடைவெளி, "கிடைத்தது" என்ற பதிலுக்கு 34. கூட்டினால் 394 மைக்ரோசெக்கன்; அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 30 மெகாபிட். பெட்டியில் அச்சிட்ட 54இல் 24 மரியாதைக்கே செலவாகிவிடுகிறது. வெறுமையான மாதிரியில் ஒரு கருவியை மட்டும் ஓட்டியபோது என்எஸ்-3 இந்த எண்ணையே சொன்னது. அதன் பிறகுதான் அதில் கூட்டத்தைச் சேர்த்தோம்.

கூட்டம் சேரும்போது மோதல்கள் தொடங்கும். இந்தச் சிக்கலின் வேர் பழையது. ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலியால் இணைத்து 1971இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர், நினைத்தவர் நினைத்த நேரம் பேசலாம் என்று விட்டார்கள். அப்படி விட்டால் சனலின் கொள்ளளவில் 18.4 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகக் கிடைக்காது. வைஃபை கேட்டுவிட்டுப் பேசுகிறது. ஆனாலும் பேச விரும்புவோர் கூடக் கூட நிலைமை எப்படி மாறும் என்பதை ஜுசெப்பே பியாங்கி 2000ஆம் ஆண்டில் சமன்பாடாக எழுதிக் காட்டினார். பொறியியல் மாணவர்கள் இந்த விடயத்தில் ஒரேயொரு ஆய்வுக் கட்டுரை படிப்பதென்றால் அதைப் படிக்கலாம்.

காற்றை யார் தின்கிறார்கள்?

வயர்ஷார்க் பதிவைத் திறந்து பார்த்தபோது பொதிகளில் பெரும்பகுதி யாருடைய தரவும் அல்ல. "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒவ்வொரு அக்சஸ் பொயின்ட்டும் 102.4 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை விடுக்கும் பீக்கன் அறிவிப்புகள். ஒரு பெட்டியில் ஐந்து பெயர்கள் இருந்தால் ஐந்து பீக்கன்கள். அவை மிகக் குறைந்த வேகத்தில், அதாவது 1 மெகாபிட்டில், போய்க்கொண்டிருந்தன. 1999இன் 802.11பி காலத்துக் கருவியும் கேட்க வேண்டும் என்ற தாராளம்.

கணக்குப் போடுங்கள். ஒரு பீக்கன் ஏறத்தாழ 250 பைட் என்றால், 1 மெகாபிட்டில், ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் போகும் முன்னொட்டோடு சேர்த்து, 2.2 மில்லிசெக்கன் காற்றைப் பிடிக்கும். ஒரு பெயருக்கு ஏறத்தாழ 2.1 சதவீத நேரம். சனல் 6இல் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து பெயர்கள். பதினைந்து பீக்கன்கள், 32 சதவீதம். ஒருவரும் எதையும் திறக்காமல், விளக்கை அணைத்துப் படுத்திருந்தாலும், சனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முடிந்துபோன அந்தத் திட்டத்தின் பெயருக்கு மட்டும் 6 சதவீதம் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களை இரண்டாகக் குறைத்தால் 13 சதவீதம். பீக்கனை 6 மெகாபிட்டுக்கு உயர்த்தினால் ஒவ்வொன்றும் 0.37 மில்லிசெக்கன்தான், இரண்டையும் சேர்த்துச் செய்தால் 2 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். இதற்குச் சிமுலேட்டர்கூடத் தேவையில்லை, பென்சில் போதும். சிமுலேட்டர் உதவியது வேறோர் இடத்தில்: மிச்சப்படும் இந்த நேரம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதைக் காட்டியது. பெரும்பகுதி கணினிக்கூடத்துக்குத்தான் போனது. விடுதிக்குக் கிடைத்தது குறைவு. அங்கே தின்றுகொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

விடுதியின் இரு முனைகளிலும் உள்ள அறைகளில் கைத்தொலைபேசிகள் தூரத்திலிருந்து பேசுவதால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசின. வைஃபை எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் பொதி அனுப்பும் வாய்ப்பைத் தருகிறது, சம நேரத்தை அல்ல. 54 மெகாபிட்டில் ஒருவர், 1 மெகாபிட்டில் ஒருவர் என்று இருவர் மாறி மாறி அனுப்பினால், மெதுவானவரின் ஒரு பொதி 13 மில்லிசெக்கன் எடுக்கும். இருவருக்கும் செக்கனுக்கு 0.9 மெகாபிட் அளவில்தான் மிஞ்சும். தனியே இருந்தபோது 30 பெற்றவரும் இப்போது 0.9தான் பெறுகிறார். குறுகிய வீதியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் முன்னால் போனால் பின்னால் வரும் வாகனத்தின் இயந்திர வலு எதற்கும் உதவாதல்லவா, அதேதான். 2003இல் மார்ட்டின் ஹூஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். "முழுக் கோடும் காட்டுகிறது, ஒன்றும் வருகிறதில்லை" என்ற இரவு முறைப்பாடு இங்கேதான் உட்கார்ந்திருந்தது. முழுக் கோடு இவருடையது. காற்றைப் பிடித்திருந்தவர் நடைபாதையின் மறுமுனையில்.

வரிசை

யோசனைகளை ஒவ்வொன்றாக ஓட்டினோம். தற்செயல் எண்களை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டிச் சராசரி பார்க்க வேண்டும். ஒரே ஓட்டத்தை நம்பி முடிவு சொல்லும் அறிக்கைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

மேலும் இரண்டு பெட்டிகள் என்ற யோசனை கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தது. இருக்கும் சனல் ஒழுங்கில் புதிய பெட்டிகளைச் சேர்த்தால், ஒன்றையொன்று கேட்டு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் கூட்டம்தான் பெருகியது. வைஃபை முன்னொட்டு ஒன்று மைனஸ் 82 டிபிஎம் என்ற மிகச் சிறிய வலுவில் கேட்டாலே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. மைதானம் திறந்தவெளி என்பதால் இந்த வலு எளிதில் கட்டடம் தாண்டிக் கேட்டது. பெட்டி கூடியது, பேசும் வாய்ப்பு கூடவில்லை. பீக்கன்கள் மட்டும் தாராளமாகக் கூடின.

கடைசி இடம், எல்லா ஊரிலும் முதலில் சொல்லப்படும் வைத்தியத்துக்கு: அனுப்பும் வலுவைக் கூட்டுதல். பெட்டி உரக்கப் பேசலாம். கைத்தொலைபேசியின் குரல் பழைய குரல்தான். அது கேட்கிறது, அதன் பதில் எட்டுகிறதில்லை. கூடவே, உரக்கப் பேசும் பெட்டி இன்னும் தூரத்தில் உள்ளவர்களையும் வாயடைத்து நிறுத்துகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸில் வலுவைக் குறைப்பது, இருந்தபடி விடுவதைவிட மேலான இடத்தில் வந்தது.

முதலிடத்துக்குக் காசே தேவைப்படவில்லை. ஆறு பெட்டிகளில் நான்கினுள் 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ இருந்தது. பெயர்கள் குழம்பும் என்று எப்போதோ யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். 5 கிகாஹேர்ட்ஸில் அதே தூரத்துக்கு ஏழு டெசிபெல் அளவில் கூடுதலாக இழப்பு உண்டு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். நெரிசலான விடுதியில் அது வரம். ஒரு பெட்டியின் பேச்சு அடுத்த கட்டடத்துக்குப் போகாது, ஆகவே அவரவர் இடத்தில் அவரவர் பேசலாம். 80 மெகாஹேர்ட்ஸ் அகலம் என்ற தொழிற்சாலை அமைப்பை 40 ஆக்கியதும் இன்னும் சீரானது.

பீக்கனை வேகப்படுத்துவது, மெதுவான வேகங்களை நிறுத்துவது, பெயர்களைக் குறைப்பது, சனல்களை 1-6-11 ஒழுங்கில் வைப்பது ஆகியவை சேர்ந்து இரண்டாம் இடம்.

மூன்றாம் இடத்தில் வந்தது வைஃபையே அல்ல. மாதிரியில் வைஃபையைத் திருத்தியதும் நெரிசல் காணாமற் போகவில்லை, இடம் மாறியது. முன்பு காற்றில் தேங்கிய பொதிகள் இப்போது ஃபைபர் இணைப்பின் வாயில், ரவுட்டரின் வரிசையில் தேங்கின. யாரோ ஒருவரின் மடிக்கணினி இற்றைப்படுத்தலை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த நீண்ட வரிசையின் பின்னால் மற்றவரின் சிறிய விண்ணப்பப் பக்கம் காத்து நிற்கும். 2012இல் கத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்த, வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் முறையும், அதை ஓட்டங்களாகப் பிரித்து நடத்தும் எஃப்கியூ-கோடெலும் இதற்கென்றே உருவானவை. என்எஸ்-3இல் அது இருக்கிறது. நிலையத்தின் ரவுட்டரிலும் தெரிவாக இருந்தது. வைஃபையை மட்டும் திருத்திவிட்டு வந்திருந்தால், "இத்தனை நாள் மினக்கெட்டும் பக்கம் திறக்கவில்லையே" என்று அடுத்த கிழமையே கேட்டிருப்பார்கள்.

ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற அனுமதி கேட்டுப் பேசும் முறையின் மீது எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. விடுதியின் இரு முனைக் கருவிகளும் ஒன்றையொன்று கேட்பதில்லை, நடுவில் உள்ள பெட்டி இரண்டையும் கேட்கிறது; பாடநூல் படமே இதுதான். ஆனால் சுவர் இழப்பைச் சற்று அசைத்தபோது இந்த யோசனை வரிசையில் மேலும் கீழும் தாவியது. எங்கள் விதிப்படி கைவிட்டோம். பெட்டியை இடம் மாற்றுவது அசையாமல் நின்றது, அதைச் செய்தோம்.

மாமரம்

மாணவியர் விடுதிக்கு இணைப்பு போவது 5 கிகாஹேர்ட்ஸ் கம்பியில்லாப் பாலம் ஒன்றின் வழியே, மைதானத்துக்குக் குறுக்கே, இருநூறு மீற்றர் அளவில். "மாரி தொடங்கினால் அது படுத்துவிடும், மழை அலையைத் தின்னும்" என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கையும். இந்த அதிர்வெண்ணில், இந்தத் தூரத்தில், கொட்டும் மழையும் ஒரு டெசிபெலைக்கூடக் குறைக்காது. தின்றது மரம். பாலம் பூட்டிய காலத்தில் சிறியதாக இருந்த கறுத்தக்கொழும்பான் மாமரம் இப்போது நேர்கோட்டை மறைத்து வளர்ந்திருந்தது. இலை அடர்ந்த மரங்களுக்கான வைஸ்பேகர் சூத்திரப்படி, பத்து மீற்றர் இலைக்கூட்டம் 5.5 கிகாஹேர்ட்ஸில் ஏழு டெசிபெலுக்கு மேல் எடுக்கும். அது உலர்ந்த இலைக்குரிய கணக்கு. நனைந்த இலை இன்னும் எடுக்கும். மழை செய்தது இலையை நனைத்தது மட்டும்தான்.

மரத்தை வெட்டலாம் என்று ஒருவர் வாய் திறந்தார். விடுதிப் பொறுப்பாளர் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை மாதிரிக்குள் நுழையாமலேயே செத்தது. கறுத்தக்கொழும்பானை வைஃபைக்காக வெட்டுவதா? எனக்கும் உடன்பாடில்லை. நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றி ஃப்ரெனெல் வலயம் என்ற கொழுத்த சுருட்டு வடிவ வெளியும் திறந்திருக்க வேண்டும். இருநூறு மீற்றருக்கு நடுவில் அதன் ஆரை 1.65 மீற்றர் அளவு. அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கம். மர உச்சிக்கு மேல் ஒரு மீற்றர் விட்டு, மரம் இன்னும் வளர்வதற்கும் இடம் விட்டு, இரு பக்கமும் கம்பத்தை உயர்த்தினோம். உயர்ந்த கம்பம் சோளகக் காற்றில் ஆடும். ஆடினால் குறி தப்பும். ஆகவே இழுவைக் கம்பிகளும் கட்ட வேண்டியதாயிற்று. இந்த ஆய்வில் மிகப் பெரிய செலவு அந்தக் கம்பமும் கம்பியும்தான்.

செய்ததும் மிஞ்சியதும்

பழைய வேகங்களை நிறுத்துவதற்கு முன், 1 மெகாபிட்டில் மட்டுமே பேசும் கருவிகள் எவை என்று வயர்ஷார்க் பதிவில் தேடினோம். ஒன்று அகப்பட்டது: வாசலில் இருக்கும் விரலடையாள வரவுப்பதிவு இயந்திரம். வேகத்தை நிறுத்தியிருந்தால் அது மௌனமாகியிருக்கும். சில உத்தியோகத்தர்கள் அந்த யோசனையை மிகவும் விரும்பினார்கள் என்பதையும் பதிந்து வைக்கிறேன். அதற்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தோம்.

பெயர்கள் இரண்டாயின. கணக்காய்வுக்கு அஞ்சியவர்களுக்காக, பழைய திட்டத்தின் பெயர்ப் பலகையைப் பெட்டியின் மீதே ஒட்டிவிட்டோம். காற்றில் அது இனி இல்லை. சனல்கள் கையால் நிலைநிறுத்தப்பட்டன. மின்தடைக்குப் பின் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்துத் தாமாகச் சனல் தேடினால் கூட்டமாக ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன, அதற்காக. இரண்டு பெட்டி வாங்க வைத்திருந்த பணத்தில் கம்பம் போக மிஞ்சியது ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் ஒரு யூபிஎஸ் ஆனது.

இரவு முறைப்பாடு இப்போது வேறு. "லைன் சுணங்குகிறது" என்கிறார்கள். அது ஃபைபர் இணைப்புக்குக் கட்டும் பக்கேஜின் அளவு பற்றிய முறைப்பாடு. மாதாந்தக் கட்டணத்தைக் கூட்டினால் தீரும், வைஃபையால் தீராது. 5 கிகாஹேர்ட்ஸ் இல்லாத பழைய கைத்தொலைபேசிகள் இன்னும் 2.4இல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. மாதிரி சொன்னதும் நடந்ததும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு: மாணவர் விடுதியின் மேற்கு முனை. என்எஸ்-3இல் ஒரு நிலையம் தன் அக்சஸ் பொயின்ட்டின் பீக்கன்கள் தொடர்ந்து தவறினால்தான் வேறொன்றைத் தேடும். உண்மையான கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிடிவாதம் கொண்டவை. சில, வகுப்பறையில் பிடித்த பெட்டியை விடுதிக் கட்டில் வரை விடாமல் இழுத்துக்கொண்டு வருகின்றன. மெதுவான வேகங்களை நிறுத்தியதால் பல கைத்தொலைபேசிகள் பிடியை விட்டன, எல்லாம் விடவில்லை. அந்த முனையில் வைஃபையை அணைத்து மீண்டும் போடும்படி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

இப்போது நிலையத்தில் மூன்றாவது பட்டறை மண்டபம் ஒன்றுக்கு வரைபடம் வந்திருக்கிறது. சுவருக்குள் குழாய் புதைப்பதற்கு முன்பே கேபிள் எங்கே இறங்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்கிறார். பழைய மண்டபங்களின் அளவீட்டிலிருந்து தகரத்தின் குணம் தெரியும் என்பதால், புதிய மண்டபத்தை மாதிரியில் சேர்த்து மூன்று இடங்களை ஒப்பிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கூரைக்குத் தகரமா, அடியில் வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாளும் உண்டா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. தாள் வந்தால் அட்டவணையின் அந்தப் பகுதியைத் திரும்ப அளந்துதான் நிரப்ப வேண்டும்.